குர்ஆனைத் திருத்தமாக ஓதுதல்: தமிழ் நாவுக்குள்ள சிரமங்களும் சூராக்களின் வரிசையும்

‘தீன்’ என்று தமிழில் எழுதினால் அது எந்தச் சொல்? மார்க்கம் என்று உடனே சொல்லிவிடுவோம். அரபியில் அது தால் எழுத்தில் தொடங்கும் சொல். மேலே இரண்டு புள்ளி வைத்த தாவில் தொடங்கினால் அதே ‘தீன்’ அத்திப்பழம் ஆகிவிடும். 95ஆவது சூராவின் பெயர் அதுதான். தடித்து ஒலிக்கும் தாவில் தொடங்கினால் களிமண். ஆதம் (அலை) அவர்களைப் படைத்த மண்ணைக் குர்ஆன் அந்தச் சொல்லாலும் குறிப்பிடுகிறது. மார்க்கம், அத்திப்பழம், களிமண் மூன்றையும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடியும்.

நம் வீடுகளில் யாஸீன், அல்முல்க், அல்வாகிஆ போன்ற சூராக்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஏடுகள் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. சிறு வயதில் மதரஸாவுக்குப் போக வாய்ப்புக் கிடைக்காத பெண்கள், பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எனப் பலருக்கும் குர்ஆனை ஓத அதுவே ஒரே வழியாக இருக்கிறது. அவர்களுடைய ஆர்வத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஏடு எதையெல்லாம் சொல்ல முடியாமல் விட்டுவிடுகிறது என்பதை ஓதுகிறவர் அறிந்திருக்க வேண்டும். ஃபாத்திஹா சரியாக இல்லாமல் தொழுகை நிறைவேறுமா என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. குர்ஆனை அரபியல்லாத எழுத்தில் எழுதவே கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் தீர்ப்பளித்ததும் இந்தச் சிக்கலை முன்னிட்டுத்தான்.

நம் முன்னோர் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் அரபு எழுத்தைத் தமிழாக்கவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளை வைத்துக்கொண்டார்கள். அதுதான் அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற பெரியவர்கள் மார்க்க நூல்களை அந்த எழுத்தில்தான் எழுதினார்கள். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள்கூட அவற்றை ஓதினார்கள், ஏனென்றால் குர்ஆன் ஓதக் கற்றபோதே அந்த எழுத்து அவர்களுக்குப் பழகியிருந்தது. அரபுத்தமிழ் வழக்கொழிந்த பிறகுதான் தமிழ் எழுத்து ஏடுகளின் தேவை பெருகியது.

வாயிலிருந்து வாய்க்கு

குர்ஆன் ஏடாக இறங்கவில்லை. ஜிப்ரீல் (அலை) ஓதினார்கள், நபி (ஸல்) அவர்கள் கேட்டு ஓதினார்கள். ஒவ்வொரு ரமளானிலும் இருவரும் ஓதிச் சரிபார்ப்பது வழக்கமாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான ஆண்டில் அது இருமுறை நடந்தது என்று புகாரியில் வருகிறது. குர்ஆனை யாரிடம் கற்பது என்பதையும் நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லியே காட்டினார்கள்: அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத், ஸாலிம், உபை இப்னு கஅப், முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகிய நால்வர்.

நாம் ஓதும் முறைக்கு ‘ஆஸிம் வழியாக ஹஃப்ஸ்’ என்று பெயர். ஆஸிம் (ரஹ்) கூஃபாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 127இல் மறைந்தவர். அவருடைய மாணவர் ஹஃப்ஸ் (ரஹ்) ஹிஜ்ரி 180இல் மறைந்தார். ஆஸிமுக்கு ஓதக் கொடுத்தவர் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்). குர்ஆனைக் கற்று அதைக் கற்பிப்பவரே உங்களில் சிறந்தவர் என்ற கருத்துள்ள ஹதீஸை உஸ்மான் (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்தவர் இவர்தான். அந்த ஹதீஸே என்னை இந்த இடத்தில் உட்கார வைத்தது என்று சொல்லி, உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம் முதல் ஹஜ்ஜாஜின் காலம் வரை கூஃபாவில் இருந்து ஓதக் கொடுத்தார். இன்று ஏதோ ஓர் ஊர் மக்தபில் ஒரு சிறுவன் ஹஜ்ரத்தின் முன்னால் சபக் ஒப்புவிக்கிறான் என்றால், அவன் உட்கார்ந்திருப்பது அந்த வரிசையின் கடைசி இடத்தில்.

வேறு ஓதல் முறைகளும் ஆதாரபூர்வமானவையே. ஃபாத்திஹாவில் நாம் ‘மாலிகி’ என்று நீட்டி ஓதும் இடத்தை, வட ஆப்பிரிக்கச் சகோதரர்கள் ‘மலிகி’ என்று குறுக்கி ஓதுவதை ஹஜ்ஜில் கேட்டிருப்பீர்கள். அது பிழையல்ல. அவர்கள் வர்ஷ் (ரஹ்) அவர்களின் வழியில் ஓதுகிறார்கள்.

தமிழ் நாவு எங்கே தடுக்கி விழுகிறது

தஜ்வீத் என்றதும் இத்ஃகாம், இக்ஃபா, இக்லாப் என்ற பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய படி எழுத்தின் ஓசை. ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்துக்கு மக்ரஜ் என்று பெயர். தொண்டை, நாக்கு, உதடு, வாயின் உள்வெளி, மூக்கின் உள்பகுதி என்ற ஐந்து பகுதிகளில் 17 மக்ரஜ்கள் இருப்பதாக இப்னுல் ஜஸரீ (ரஹ்) வகுத்தார். எழுத்து எங்கே பிறக்கிறது என்று ஆராய்வது தமிழருக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஆனால் தமிழுக்கு உரிய பிறப்பிடங்கள் வேறு, அரபிக்கு உரியவை வேறு.

நாம் அன்றாடம் தொழுகையில் ஓதும் சிறிய சூராக்களையே எடுத்துக்கொள்வோம். அல்இக்லாஸின் முதல் சொல் ‘குல்’. இரண்டு புள்ளியுள்ள காஃபில், அடிநாக்கை உள்நாக்கின் பக்கம் உயர்த்திச் சொன்னால் ‘சொல்வீராக’ என்று பொருள். தமிழ் ககரம் போலச் சற்று முன்னால் வந்துவிட்டால் அது மற்றொரு காஃப். ‘சாப்பிடு’ என்று பொருளாகிவிடும். குறைஷ் சூராவில் வரும் ‘ஸைஃப்’ ஸாத் எழுத்தில் கோடைக்காலம், ஸீன் எழுத்தில் வாள். குறைஷிகளின் கோடைப் பயணத்தைச் சொல்லும் இடம் அது. ‘நஸ்ர்’ என்பதும் அப்படித்தான். ஸாத்தில் உதவி என்று பொருள். ஸீனில் கழுகு, நூஹ் (அலை) அவர்களின் சமூகம் வணங்கிய சிலைகளில் ஒன்றின் பெயராக 71ஆவது சூராவில் வருவதும் அதுவே. பல வசனங்களின் இறுதியில் வரும் ‘அலீம்’ ஐனில் தொடங்கினால் நன்கறிந்தவன். அதையே வெறும் அகரமாகச் சொன்னால் வேதனை தரக்கூடியது என்ற வேறு சொல்.

இவை எல்லா அரபியல்லாதவர்களுக்கும் பொதுவான சிரமங்கள். தமிழர்களுக்கே உரிய இன்னொன்று உண்டு. அதைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. தமிழில் ஒரே எழுத்து அதன் இடத்தைப் பொறுத்து இரண்டு விதமாக ஒலிக்கும். ‘பத்து’ என்பதில் உள்ள துவும் ‘பந்து’ என்பதில் உள்ள துவும் ஒன்றல்ல. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தமிழ் வாயில் தானாகவே மென்மையாகிவிடும். அந்தப் பழக்கத்தோடு ‘குன்தும்’, ‘அன்த’ போன்ற குர்ஆன் சொற்களை ஓதினால், தா இருக்க வேண்டிய இடத்தில் தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபாத்திஹாவின் ‘அன்அம்த’விலும் இதே ஆபத்து. ஓதுபவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் காதுக்கு இரண்டும் ஒரே தகரம்.

உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினமும் அப்படியே. ‘கதவு’ என்பதில் தகரம் எவ்வளவு மெலிகிறது பாருங்கள். அந்நபஃ (78) சூராவின் 28, 29ஆம் வசனங்களில் இது கடுமையான விளைவை உண்டாக்குகிறது. 28ஆம் வசனம், அல்லாஹ்வின் வசனங்களை அவர்கள் அடியோடு பொய்யாக்கினார்கள் என்கிறது. அதன் கடைசிச் சொல் பொய்யாக்குதல் என்ற பொருள் கொண்டது, இரட்டித்த மெல்லிய தால் உடையது. 29ஆம் வசனம், ஒவ்வொன்றும் எழுத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்கிறது. அதன் கடைசிச் சொல்லில் இரட்டிக்காத தா இருக்கிறது. தமிழில் முதலாவதை ‘கித்தாபா’ என்றும் இரண்டாவதை ‘கிதாபா’ என்றும்தான் எழுத முடியும். தமிழ் இயல்புப்படி வாசித்தால் ‘த்த’ வன்மையாகவும் ‘த’ மென்மையாகவும் ஒலிக்கும். அதாவது, ஏட்டை நம்பி ஓதுகிறவர் பொய்யாக்குதலுக்கு உரிய ஓசையைப் பதிவேட்டுக்கும், பதிவேட்டுக்கு உரிய ஓசையைப் பொய்யாக்குதலுக்கும் கொடுத்துவிடுகிறார். இது அச்சுப் பிழை அல்ல. எவ்வளவு கவனமாக அச்சிட்டாலும் தீராது.

ளாத் எழுத்தைத் தமிழக முஸ்லிம்கள் ளகரத்தால் எழுதுகிறோம்: ரமளான், ஃபர்ளு, வுளூ. இலங்கையில் ரமழான், வுழூ என்று ழகரத்தில் எழுதுவார்கள். நாக்கின் பக்கவாட்டு விளிம்பைக் கடைவாய்ப் பற்களோடு சேர்த்து உண்டாக்கும் எழுத்து அது என்று பழைய அரபு இலக்கண அறிஞர் சீபவைஹி விவரித்திருக்கிறார். ளகரத்திலும் காற்று நாக்கின் பக்கவாட்டில்தான் வெளியேறுகிறது என்பதால், நம் முன்னோர் அந்த எழுத்தைத் தேர்ந்ததில் காது நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனாலும் ளகரம் ளாத் ஆகாது. ளகரத்துக்கு நாக்கின் நுனி மேலே வளைகிறது, ளாத்துக்கு அப்படி வளையக் கூடாது. ளாத்துக்கு உள்ள கனமும் ளகரத்துக்கு இல்லை. ‘வலள்ளால்லீன்’ என்று ஓதும்போது இதைப் பழகிக்கொள்ள ஓர் ஆசிரியரின் வாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

நமக்குச் சாதகமான பக்கமும் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பிள்ளைப் பருவத்திலேயே பழகியவர்கள் நாம். இயற்கையான மத்து இரண்டு ஹரகத் அளவு என்று சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். பலம், பள்ளம் என்று ஒற்றையும் இரட்டையும் பிரித்துப் பேசும் நாவுக்கு ஷத்தும் எளிது. பிரச்சினை அலட்சியத்தில்தான் வருகிறது. ‘வலள்ளால்லீன்’ என்பதில் ஆறு ஹரகத் அளவு நீட்ட வேண்டிய மத்தை இரண்டில் முடித்துவிட்டு, நீட்டத் தேவையில்லாத இடத்தில் ராகத்துக்காக இழுக்கிறவர்கள் உண்டு.

எந்தப் பிழை எவ்வளவு பெரியது?

ஓதலில் வரும் பிழைகளை அறிஞர்கள் இரண்டாகப் பிரித்தனர். எழுத்தையோ ஹரகத்தையோ மாற்றிவிடுவது வெளிப்படையான பிழை (லஹ்ன் ஜலீ). குன்னா, மத்தின் அளவு, எழுத்தைக் கனமாக்குவது, மெலிதாக்குவது போன்ற நயங்களில் குறைவது மறைவான பிழை (லஹ்ன் கஃபீ). முதல் வகையைத் தெரிந்தே செய்வது கூடாது. இரண்டாவது வகை, ஓதலின் அழகைக் குறைப்பது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்த முன்னுரிமையை மறக்கக் கூடாது. ‘குல்’லைத் திருத்தாமல் குன்னாவின் அளவுக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

ஃபாத்திஹாவில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதல். அதில் பிஸ்மில்லாஹ்வையும் சேர்த்து 14 ஷத்துகள் இருப்பதாக ஷாஃபிஈ நூல்கள் எண்ணியே வைத்திருக்கின்றன. ‘இய்யாக’ என்பதில் ஷத்தை விட்டுவிட்டால் சூரிய ஒளியைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும். ‘அன்அம்த’ என்பதை ‘அன்அம்து’ என்று ஓதினால் அருள் புரிந்தவன் நான் என்ற பொருள் வந்துவிடும். நாவைத் திருத்த வாய்ப்பும் ஆற்றலும் உள்ளவர் திருத்தாமல் இருந்தால் தொழுகை பாதிக்கப்படும் என்பது ஃபிக்ஹு நூல்களின் நிலை. முதுமையாலோ நாக்கின் குறையாலோ இயலாதவருக்கு அந்தச் சட்டம் இல்லை.

திக்கித் திணறி ஓதுகிறவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தேர்ச்சியோடு ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார், சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற கருத்துள்ள ஹதீஸை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அறுபது வயதில் அலிஃப், பா தொடங்கும் ஒரு தாய்க்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? அந்த வயதில் தொடங்குகிறவர்களுக்குக் கூச்சம்தான் முதல் தடை. ஊரில் ஓர் ஆலிமா ஐந்தாறு பெண்களைக் கூட்டி வீட்டிலேயே நடத்தும் வகுப்பு, ஆயிரம் பேருக்கு நடக்கும் தஜ்வீத் மாநாட்டைவிட இவர்களுக்குப் பயன் தரும்.

ஒலிப்பதிவுகள் துணையாக உதவும். எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) முழுக் குர்ஆனையும் நிதானமான முரத்தலாகப் பதிவு செய்தவர்களில் முன்னோடி. கற்பிப்பதற்கென்றே அவர் ஓதிய பதிவுகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒலிப்பதிவு நம் ஓதலைக் கேட்டுத் திருத்தாது. ‘பந்து’ தகரம் பற்றி மேலே சொன்னோமே, அந்தப் பிழையைச் செய்கிறவர் நூறு முறை கேட்டாலும் தான் சரியாகத்தான் ஓதுகிறோம் என்றே நினைப்பார்.

எங்கே நிறுத்துவது?

நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். நீட்டி ஓதினார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். அல்முஸ்ஸம்மில் (73) சூராவின் 4ஆம் வசனம் தர்தீலாக, அதாவது நிறுத்தி நிதானமாக ஓதும்படி கட்டளையிடுகிறது. மூச்சுப் பிடிக்கும் வரை ஓடிவிட்டு, மூச்சு முட்டிய இடத்தில் நிற்பது தர்தீல் ஆகாது.

நம் நாட்டு முஸ்ஹஃப்களில் வரிகளுக்கு மேலே காணும் சிறு எழுத்துகள் இதற்காகத்தான். ஹிஜ்ரி 560இல் மறைந்த ஸஜாவந்தீ (ரஹ்) வகுத்த முறையைத் தழுவியவை அவை. மீம் இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். யாஸீனின் 76ஆம் வசனத்தைப் பாருங்கள். அவர்களின் பேச்சு உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நபியவர்களுக்குச் சொல்லி முடித்த இடத்தில் மீம் இருக்கும். அவர்கள் மறைப்பதையும் வெளிப்படுத்துவதையும் நாம் அறிவோம் என்று அடுத்து வருவது அல்லாஹ்வின் கூற்று. சேர்த்து ஓதினால் அது அவர்களுடைய பேச்சாகிவிடும். அதே சூராவின் 52ஆம் வசனத்தில் ‘மர்கதினா’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஸக்தா’ என்று எழுதியிருக்கும். மூச்சு விடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். எழுப்பப்பட்டவர்கள் கேட்கும் கேள்வி அங்கே முடிகிறது, பதில் அங்கே தொடங்குகிறது. ஹஃப்ஸ் வழியில் குர்ஆன் முழுவதிலும் இப்படி நான்கு இடங்கள் உண்டு. மற்றவை அல்கஹ்ஃப், அல்கியாமா, அல்முதஃப்ஃபிஃபீன் சூராக்களில்.

லாம் அலிஃப் இருந்தால் நிறுத்தக் கூடாது. வசன முடிவின் மேலேயே அது இருந்தால் என்ன செய்வது? அல்மாஊன் சூராவின் 4ஆம் வசனம் தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று முடிகிறது. எந்தத் தொழுகையாளிகள் என்பதை அடுத்த வசனமே சொல்கிறது: தம் தொழுகையில் பராமுகமாக இருப்பவர்கள். ஒவ்வொரு வசன முடிவிலும் நிறுத்துவதே நபிவழி என்போர் அங்கே நிறுத்துவார்கள், ஆனால் உடனே தொடர்வார்கள். அத்தோடு ஓதலை முடித்துக்கொண்டு ருகூஃவுக்குப் போவது முறையல்ல.

114 சூராக்களின் வரிசை

குர்ஆன் இறங்கிய வரிசை வேறு, ஓதும் வரிசை வேறு. முதலில் இறங்கிய வசனங்கள் இன்று 96ஆவதாக உள்ள அல்அலக் சூராவின் தொடக்கத்தில் இருக்கின்றன. இராக்கிலிருந்து வந்த ஒருவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம், உங்கள் முஸ்ஹஃபைக் காட்டுங்கள், அதன்படி நான் குர்ஆனை வரிசைப்படுத்திக்கொள்கிறேன் என்று கேட்டார். எதை முதலில் ஓதினாலும் உங்களுக்குக் கேடில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். முதலில் இறங்கியவை சொர்க்கத்தையும் நரகத்தையும் பேசும் சிறிய சூராக்கள். மக்களின் உள்ளம் இஸ்லாத்தில் நிலைபெற்ற பிறகே ஹலால், ஹராம் சட்டங்கள் இறங்கின. மது அருந்தாதீர்கள் என்று எடுத்த எடுப்பில் இறங்கியிருந்தால் நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள். பிறகு தம் முஸ்ஹஃபை எடுத்து வசனங்களின் வரிசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் (புகாரி).

ஒரு சூராவுக்குள் வசனங்களின் வரிசை நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சூராக்களின் வரிசையில்தான் இரு கருத்துகள். நபி (ஸல்) அவர்கள் ஓர் இரவுத் தொழுகையில் அல்பகரா, பிறகு அந்நிஸா, பிறகு ஆலுஇம்ரான் என்று ஓதியதை ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). உபை, இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோரின் சொந்த ஏடுகளிலும் வரிசை வேறாக இருந்தது. எனவே உஸ்மான் (ரலி) காலத்தில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) தலைமையில் படியெடுத்தபோது ஸஹாபாக்கள் ஒருமித்து அமைத்த வரிசை இது என்பது ஒரு சாராரின் கருத்து.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே வரிசை பெரும்பாலும் நிலைபெற்றிருந்தது என்பது மற்றொரு கருத்து. அதற்கு வலுவான சான்று அபூதாவூதில் இருக்கிறது. ஸகீஃப் தூதுக் குழுவில் மதீனாவுக்கு வந்த அவ்ஸ் (ரலி), குர்ஆனை எப்படிப் பங்கிட்டு ஓதுகிறீர்கள் என்று ஸஹாபாக்களிடம் கேட்டார்கள். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று சூராக்கள், பிறகு முஃபஸ்ஸல் எனப்படும் சிறு சூராக்கள் என்று பதில் வந்தது. உங்கள் முஸ்ஹஃபை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஃபாத்திஹாவை விட்டு, அல்பகரா முதல் மூன்று. அல்மாயிதா முதல் ஐந்து. யூனுஸ் முதல் ஏழு. பனூ இஸ்ராயீல் முதல் ஒன்பது. அஷ்ஷுஅரா முதல் பதினொன்று. அஸ்ஸாஃப்ஃபாத் முதல் பதின்மூன்று. இத்தோடு 49ஆவது சூரா முடியும். 50ஆவதான காஃப் முதல் அந்நாஸ் வரை முஃபஸ்ஸல். இன்றைய வரிசையோடு கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஓரத்தில் ‘மன்ஸில்’ என்று அச்சிட்டிருப்பது இந்த ஏழு பகுதிகளைத்தான். ஏழு மன்ஸில்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபமீ பிஷவ்கின்’ என்று ஹாஃபிள்கள் நினைவில் வைப்பார்கள். என் வாய் ஆசையோடு என்று பொருள்.

பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கப்பட்டது என்று சிலர் சொல்வது மேலோட்டமான பார்வை. 7 வசனங்களுள்ள ஃபாத்திஹா முதலில் இருக்கிறது. 75 வசனங்களுள்ள அல்அன்ஃபால், 129 வசனங்களுள்ள அத்தவ்பாவுக்கு முன்னால் வருகிறது. 30 வசனங்களுள்ள அஸ்ஸஜ்தாவுக்குப் பிறகுதான் 73 வசனங்களுள்ள அல்அஹ்ஸாப். ஹாமீம் என்று தொடங்கும் ஏழு சூராக்கள் (40 முதல் 46 வரை) ஒன்றாக இருக்க, அல்லாஹ்வைத் துதித்துத் தொடங்கும் அல்ஹதீத், அல்ஹஷ்ர், அஸ்ஸஃப், அல்ஜுமுஆ, அத்தகாபுன் ஆகியவை பிரிந்து பிரிந்து வருகின்றன. மனிதர்கள் ஆய்ந்து அடுக்கியிருந்தால் இவற்றையும் சேர்த்தே வைத்திருப்பார்கள் என்ற வாதத்தை ஸுயூதீ (ரஹ்) ‘அல்இத்கான்’ நூலில் முன்வைக்கிறார்.

இனி எண்ணிக்கை. குர்ஆனில் 6666 வசனங்கள் என்று நம் வினாடி வினாப் போட்டிகளில் இன்றும் கேட்கிறார்கள். முஸ்ஹஃபை எண்ணினால் அந்தத் தொகை வராது. நம்மிடம் உள்ள பிரதிகள் கூஃபா கணக்கைப் பின்பற்றுபவை, அதன்படி 6236. வர்ஷ் ஓதலில் அச்சாகும் பிரதிகளில் 6214. குர்ஆனில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை. வசனம் எங்கே முடிகிறது என்ற கணக்குதான் மாறுகிறது. ஃபாத்திஹாவே இதற்கு உதாரணம். கூஃபா கணக்கில் பிஸ்மில்லாஹ் முதல் வசனம். அதை எண்ணாத மதீனா கணக்கில் ‘அன்அம்த அலைஹிம்’ என்ற இடத்தில் ஒரு வசனம் முடிந்து அங்கேயும் ஏழு வந்துவிடும். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ இமாம் பிஸ்மில்லாஹ்வைச் சத்தமாக ஓதுவதையும், ஹனஃபி பள்ளியில் அது மெதுவாக ஓதப்படுவதையும் பார்த்துக் குழம்பும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ஸஜ்தா வசனங்களிலும் இதே போன்ற நுட்பம் உண்டு. இரு மத்ஹபுகளிலும் மொத்தம் 14தான். ஆனால் அல்ஹஜ் சூராவின் இரண்டு இடங்களையும் ஷாஃபிஈகள் எண்ணுவார்கள், ஸாத் சூராவில் உள்ளதை ஓதல் ஸஜ்தாவாக எண்ணமாட்டார்கள். ஹனஃபிகள் அல்ஹஜ்ஜில் முதலாவதை மட்டும் எடுத்து ஸாத்தைச் சேர்ப்பார்கள்.

குடும்பத்தில் ஓதும் திட்டம்

30 ஜுஸ்உ என்பது மாதத்துக்கு ஒரு கத்தம் ஓத வசதியான பிரிவு. மதீனா முஸ்ஹஃபில் மொத்தம் 604 பக்கங்கள், ஒரு ஜுஸ்உவுக்கு ஏறக்குறைய 20. ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால் ஒரு நாளில் ஒரு ஜுஸ்உ முடிந்துவிடும். நம் நாட்டு முஸ்ஹஃப்களில் ருகூஃ என்ற பிரிவும் உண்டு. ஒரு பொருள் நிறைவடையும் அளவாகப் பிரித்தது என்பதால், பொருள் அறிந்து படிக்க விரும்பும் குடும்பத்துக்கு ஜுஸ்உவைவிட இதுவே ஏற்றது. ஓரத்தில் உள்ள ஐன் எழுத்தின் மேலே இருப்பது அந்தச் சூராவில் எத்தனையாவது ருகூஃ என்பது. நடுவில் இருப்பது அதிலுள்ள வசனங்களின் எண்ணிக்கை. கீழே இருப்பது அந்த ஜுஸ்உவில் எத்தனையாவது என்பது. இரவு உணவுக்கு முன் ஒருவர் ஒரு ருகூஃ ஓத, இன்னொருவர் அதன் தமிழாக்கத்தைப் படிக்க, பத்து நிமிடம் போதும்.

வேகத்துக்கும் எல்லை உண்டு. மூன்று நாட்களுக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பவர் அதை விளங்கியவராகமாட்டார் என்ற கருத்துள்ள ஹதீஸை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கிறார்கள் (திர்மிதீ, அபூதாவூத்). தராவீஹில் கத்தம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஜமாஅத்தாரே ஹாஃபிளை விரட்டும் பள்ளிகள் இருக்கின்றன. அப்படி ஓதும் ஒரு ஜுஸ்உவைவிட, எழுத்துகள் தெளிவாகக் கேட்கும் அரை ஜுஸ்உ மேல்.

பிள்ளைகளுக்கு அந்நாஸில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறோமே, இது வரிசைக்கு மாறு ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. கற்பிப்பதற்காக அப்படிச் செய்வதில் தவறில்லை என்று நவவீ (ரஹ்) தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஒரு சூராவின் வசனங்களையே பின்னிருந்து முன்னாக ஓதுவதுதான் கூடாதது. தொழுகையில் முதல் ரக்அத்தில் ஓதிய சூராவுக்கு அடுத்து வருவதை இரண்டாவது ரக்அத்தில் ஓதுவது சிறந்தது. ஃபர்ளில் வேண்டுமென்றே வரிசையை மாற்றுவது ஹனஃபிகளிடம் மக்ரூஹ், ஷாஃபிஈகளிடம் சிறந்ததற்கு மாற்றமானது. இரண்டிலும் தொழுகை கூடிவிடும்.

ரமளானில் கத்தம் நிறைவடையும் இரவில், ஹாஃபிள் அந்நாஸை ஓதியதும் அத்தோடு நிறுத்தாமல், அல்பகராவின் முதல் 5 வசனங்களையும் ஓதுவதை நம் பள்ளிகள் பலவற்றில் கேட்கலாம். வீட்டில் ஓதி முடிப்பவர்களும் அதே அமர்வில் ஃபாத்திஹாவையும் அந்த 5 வசனங்களையும் ஓதி அடுத்த கத்தத்தைத் தொடங்கிவைப்பது பழைய வழக்கம்.